டிவியில் என் பெயர் ரோசி

1

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் என்னைப் பார்த்திருப்பீர்கள். என்னை என்றால் என்னையே இல்லை. ரோசி என்று ஒருத்தி வந்தாளே, மஞ்சள் தாவணி, மூக்குத்தி, வாய்க்கு வாய் ‘கஸ்மாலம்’, அவள்தான் நான். அவளோடு சேர்ந்து கானா பாடிய செல்வி, என் சிநேகிதி சரசு. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், படத்தைப் பற்றி வெளியே தப்பாகப் பேசக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதாம். பெயர் சொல்லாமல் திட்டினால் தப்பில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என் நிஜப் பெயர் ரெஜினா. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கனடாவில் எட்மன்டன் என்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. துணி துவைப்பது மெஷின், மடிப்பது நான். வீட்டுக்காரர் வெல்டர். மகள் ஷெரின் காலேஜில் படிக்கிறாள். உங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை. பூசைக்குப் போவதற்கு முன் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தோம்.

முதல் ஒரு மணி நேரம் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். காசிமேட்டில் படகு மேல் ஏறி நின்று ரோசியும் செல்வியும் ஆடுகிறார்கள். எந்த மீனவன் எங்களைப் படகில் ஆட விட்டான்? விட்டால் நாங்கள்தான் ஆடியிருப்போமா? ரோசியின் அப்பா சாராயம் குடித்துவிட்டு அவளை அடிக்கிறார். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், டீக்கு மேல் எதுவும் குடிக்காதவர். சரி, படம்தானே என்று விட்டேன்.

கடைசிக் காட்சியில்தான் சிரிப்பு நின்றது. கோயில் திருவிழா மேடை. செல்வி முதல் அடியைப் பாடிவிட்டு, அடுத்த அடியை ரோசி பாட வேண்டும் என்று திரும்பிப் பார்க்கிறாள். பக்கத்து மைக்கில் ஆள் இல்லை. ரோசி பெட்டியோடு ஆட்டோவில் ஏறி ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல். செல்வி மேடையிலிருந்து குதித்து, “ரோசீ!” என்று கத்திக்கொண்டே ஆட்டோவின் பின்னால் ஓடுகிறாள். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் எழுந்து டீ போடப் போய்விட்டார். சங்கடம் வந்தால் அவருக்கு டீ ஞாபகம் வரும். ஷெரின் மட்டும் என்னையே பார்த்தாள்.

“அம்மா, நிஜமாவே சொல்லாமதான் வந்தீங்களா?”

“ஆமாம், ஆனா அது அப்படி இல்ல.”

“அப்படி இல்லன்னா எப்படி?”

பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மாதா கோயிலில் அதற்கு மேல். தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்ததும் தூத்துக்குடிக்கார அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “படம் பாத்தோம். நல்லா எடுத்திருக்கான். ஆனா அந்தப் பிள்ளைய அப்படி விட்டுட்டு வந்துட்டியளே, எப்படி மனசு வந்துச்சு?” என்றார். பாசமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறேன். வேலையில் தலையணை உறையை உள்பக்கம் வெளியே தெரிய மடித்து அடுக்குகிறேன். போனை எடுப்பது, சரசு பெயரைப் பார்ப்பது, வைப்பது. ஊர் என்ன நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கதையை டிவிக்காரர்களுக்குச் சொன்னது சரசு. அவள் எப்படிச் சொன்னாள்? அவள் மனதில் நான் அந்த ரோசிதானா? இதுதான் என்னைக் குடைந்தது.

2

சரசு எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரி. நாங்கள் இரண்டு பேரும் விம்கோ நகரில் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டும் வேலை பார்த்தோம். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாட ஆரம்பித்தோம். சரசுவுக்கு எட்டுக்கட்டைக் குரல். மெஷினைத் தாண்டிக் கேட்டுவிட்டது. சூப்பர்வைசர் வந்தார், திட்டுவார் என்று பார்த்தால், மறுவாரம் தன் அப்பா செத்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கலாம், கானா பாடக் கூடாது என்று அப்போது ஒரு எண்ணம் இருந்தது. பெரிசுகள் முணுமுணுத்தன. எங்கள் பங்குச் சாமியார்கூட அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். ஆனால் ஒரு தடவை கேட்டவர்கள் அடுத்த சாவுக்கும் எங்களைத்தான் தேடினார்கள். காரணம் எங்கள் குரல் மட்டும் இல்லை. நாங்கள் வேலை செய்த விதம்.

சரசுவின் தம்பி முருகன் டோலக்கோடு பிணம் வைத்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். சரசு தாளம் பிடித்துப் பொதுவாக ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். நான் மட்டும் பின்பக்கம் போய், அடுப்படியில் இருக்கிற பெண்களிடம் விசாரிப்பேன். அவருக்கு எந்த மீன் பிடிக்கும்? பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவார்? யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? அழுதுகொண்டே சொல்வார்கள், சொல்லும்போதே சிரிப்பார்கள். நான் திரும்பி வந்து சரசுவின் காதில் சொல்வேன். அவள் அங்கேயே பாட்டாக்குவாள், நான் பின்னால் சேர்ந்துகொள்வேன். பொய் கூடாது என்பது எங்கள் சட்டம். குடித்தவர் பாட்டுக்குள்ளும் குடிக்க வேண்டும். உத்தமர் என்று பாடினால் யாருக்கும் அழுகை வராது, யாரைப் பற்றியோ பாடுகிறார்கள் என்று கொட்டாவி விடுவார்கள்.

முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவோம். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வீட்டுக்காரர்களும் ‘போய் வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள். எத்தனையோ வீடுகளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அப்படித் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்திருக்கிறோம். தெருமுனைக்கு வந்த பிறகுதான் வாய் திறப்போம். முதலில் டீ குடிப்போம்.

ஷெரின் தன் சிநேகிதிகளிடம் ‘எங்க அம்மா ஊர்ல கன்ட்ரி சிங்கர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கன்ட்ரி பாட்டு, கௌபாய் தொப்பியும் கிட்டாருமாக நின்று பாடுவது. காதல் தோல்வி, குடி, அப்பாவின் பழைய லாரி என்று அவர்களும் உள்ளதை உள்ளபடிதான் பாடுகிறார்கள். என்னோடு துணி மடிக்கிற பிலிப்பைன்ஸ்காரி மரிசெல் அதைக் கேட்டுவிட்டு, உன் தொப்பி எங்கே, கிட்டார் எங்கே என்று கிண்டல் செய்தாள். எங்கள் பாட்டுக்கு டோலக்கும் ஒரு பிணமும் போதும் என்றேன். அதோடு கிண்டலை நிறுத்திவிட்டாள்.

3

இப்போது அந்த நாள்.

வீட்டுக்காரர் முன்னாலேயே கனடா வந்துவிட்டார். எனக்கும் ஷெரினுக்கும் விசா கைக்கு வர இழுத்தடித்தது. வந்தபோது அதில் ஒரு கெடு. மெடிக்கல் பரிசோதனை செல்லுபடியாகும் தேதிக்குள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. டிக்கெட் அந்தக் கெடுவை ஒட்டித்தான் கிடைத்தது. சரசுதான் வந்து பெட்டி கட்டிக் கொடுத்தாள். அவள் அம்மா எனக்கென்று வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். விமானமே நாறும் என்று என் அண்ணன் அதை வெளியே எடுக்க, சரசு உள்ளே வைக்க, அவன் எடுக்க, இவள் வைக்க, ஒரே ரகளை. நான் எந்த நாள் போகிறேன், எந்த நேரம் வீட்டிலிருந்து கிளம்புகிறேன் எல்லாம் அவளுக்குத் தெரியும். படத்தில் இது கிடையாது.

கிளம்புகிற நாள் காலையில் முருகன் போன் செய்தான். “யக்கா, அம்மா போய்ட்ச்சுக்கா.”

ஷெரினை அண்ணியிடம் விட்டுவிட்டு, அண்ணன் பைக்கில் நெட்டுக்குப்பத்துக்கு ஓடினேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரசு தலையை விரித்துப் போட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“என்னால ஆவாது ரெஜினா. நீ பாடு. நா சொல்றேன்.”

நான் அதுவரை தனியாகப் பாடியதில்லை. முதல் அடி எப்போதும் அவளுடையது. முருகன் அழுதுகொண்டே டோலக்கை மடியில் வைத்தான். அன்று அடுப்படிக்குப் போய்க் கேட்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. சரசு என் காதில் சொல்லச் சொல்ல நான் பாடினேன்.

கூடைய எறக்குனா கொறச்சுக் குடுக்க மாட்டா
கொழந்த அழுதாக்கா காசே கேக்க மாட்டா

அந்த அம்மாவிடம் மீன் வாங்கிப் பழகிய பெண்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டே சிரித்தார்கள். சரசு என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரவிக்கை நனைந்த பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் அண்ணன் பந்தல் கால் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினான். நான் எழுந்தேன். சரசு அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். நிமிரவில்லை. நிமிர மாட்டாள் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வழக்கமாகத் தெருமுனையில் அவளும் வந்து சேருவாள். அன்றைக்கு அண்ணனின் பைக் மட்டும் நின்றது.

4

டிவிப் படத்தின் டைரக்டர் சின்னப் பையன். வார்த்தைக்கு வார்த்தை ‘மேடம்’. வீடியோ காலில் நானும் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவன் நெட்டுக்குப்பத்திலேயே பல நாள் தங்கி, இப்போது அம்மாவின் மீன் கூடையைத் தூக்குகிற சரசுவிடம் பேசியிருந்தான். எனக்கு ஒப்பந்தத்தை அனுப்பி, இங்கே உள்ள ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னான்.

நோட்டரி ஒரு வெள்ளைக்காரர். பெயர், முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, எதைப் பற்றிய படம் என்றார். சாவு வீட்டில் பாடுவது என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னதும், ‘உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன்’ என்று கை கொடுத்தார். கூட வந்த ஷெரின், செத்தது யாரும் இல்லை என்று விளக்குவதற்குள் அவர் எனக்கு டிஷ்யூ பேப்பர் எடுத்து நீட்டிவிட்டார். அந்தச் சிரிப்பில் பக்கங்களைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டேன். ‘கதையின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்’ என்று அதில் இருந்ததை ஷெரின் படம் பார்த்த பிறகுதான் தேடி எடுத்துக் காட்டினாள்.

படம் பார்த்த மறுநாள் டைரக்டருக்கு போன் போட்டுக் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“சாவு வீட்ட அவ்ளோ நேரம் காட்ட முடியாது மேடம். குடும்பத்தோட உக்காந்து பாக்குற நேரம். விளம்பரம் குடுக்குறவங்க ஒத்துக்க மாட்டாங்க. அதான் மேடையா மாத்திட்டோம்.”

“மாத்தினா முழுசா மாத்தணும்ல? சொல்லிட்டுக் கிளம்புற மாதிரி எடுக்க வேண்டியதுதானே?”

“அப்புறம் கடைசில என்ன மேடம் இருக்கு?”

சரசுவின் அம்மாவை உயிரோடு வைத்து, கோயில் வாசலில் மீன் வறுக்க விட்டுவிட்டான். சாவை நீக்கிவிட்டான், நான் சொல்லிக்கொள்ளாமல் போனதை மட்டும் விடவில்லை. மேடையிலிருந்து அப்படிப் போனால் அதற்குப் பெயர் துரோகம்தான். தூத்துக்குடி அம்மாவுக்கு இந்தச் சாவு வீட்டு முறை நன்றாகத் தெரியும். அவரே என்னைத் திட்டுகிறார் என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

ஷெரினை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். முறை என்ன, மரியாதை என்ன, எல்லாம். புரிந்துகொள்வாள், ‘சாரிம்மா’ என்பாள் என்று நினைத்தேன்.

“அம்மா, இது படத்த விட மோசம்” என்றாள். “அவங்க அம்மா செத்துப் போன அன்னைக்கே விட்டுட்டு வந்திருக்கீங்க.”

“அதாண்டி சொல்றேன், சாவு வீட்ல சொல்லிக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும்.”

“தெரியும், சரி. ஆனா அவங்களுக்கு அது ஓகேவா இருந்துச்சா? எப்பவாவது கேட்டீங்களா?”

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். உனக்குச் சம்மதமா, உனக்கு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதெல்லாம் நம்மிடம் கிடையாது என்று எரிந்து விழுந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். எனக்கோ கோபம் அடங்கவில்லை. பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். கேட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வாய்ஸ் மெசேஜ் போடுவாள், பொங்கலுக்கு நான் போடுவேன். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

5

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“இன்னாமே ரோசி! இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

அந்தக் குரலைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது. “படம் பாத்தியா?”

“நா மட்டுமா? கோயிலாண்ட ஸ்கிரீன் கட்டி குப்பமே பாத்துச்சு. உன்ன திட்டாத திட்டு இல்ல. எங்கைல மீன் வாங்க வர்றவளுங்க பேரம் பேசாம வாங்கினு போறாளுங்க, பாவமாம் நானு. யாவாரம் சோக்கா போவுது.”

“சரசு, நீ அவங்க கிட்ட இன்னா சொன்ன?”

“நடந்தத சொன்னேன். சாவு வூட்ல சொல்லிக்கினு போவ மாட்டாங்கடா தம்பினு அந்தப் புள்ளையாண்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். ஆமாக்கா ஆமாக்கானு எழுதிகினான். அப்பால பாத்தா மேடை போட்டு வச்சிகிறான், பேமானி.”

அப்பாடா என்று இருந்தது. அத்தோடு வைத்திருக்கலாம். முருகனைப் பற்றி, கழிமுகத்தில் மீன் கிடைக்கிறதா என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்திருக்கலாம். ஷெரினின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் கேட்டேன்.

“அன்னிக்கி நான் எழுந்து போனேனே. உனக்கு அது பேஜாரா இருந்துச்சா?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ நாயை விரட்டும் சத்தம் கேட்டது.

“டிவில அந்தப் பொண்ணு கத்துனா பாரு, ரோசினு” என்றாள் சரசு.

“அது பொய்டி. நீ எங்க கத்துன?”

“கத்தல. கத்தணும்னு இருந்துச்சு.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அம்மா ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ரெண்டு பேரும் சொல்லிக்காம. அம்மாவாச்சும் செத்துப் போச்சு, அதால சொல்ல முடியாது. நீ உயிரோட தானடி போன? செருப்ப மாட்டுனியே, அந்தச் சத்தம்கூட கேட்டுச்சு. தலைய தூக்குனா கத்திடுவேன்னுதான் தூக்கல. தப்புனு சொல்லல ரெஜினா. மொற அதான். நானா இருந்தாலும் அப்டித்தான் எந்திரிச்சுப் போயிருப்பேன். ஆனா அவ டிவில கத்துனா பாரு, எனக்கு இத்தினி வருசமா தொண்டைல நின்னுகினு இருந்தது எறங்கிச்சு. எல்லாம் உன்ன திட்டுறாங்க, நா குந்திகினு அழுவுறேன்.”

எனக்கும் கத்தணும்போல இருந்தது என்று சொல்ல வந்தேன். பைக்கில் அண்ணனின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்ததை, திருவொற்றியூர் தாண்டும்வரை அண்ணன் சட்டையைக் கடித்துக்கொண்டு வந்ததைச் சொல்ல வந்தேன். அழுகைதான் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஷெரின் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அழுவாத. இன்னா, நா செத்தா பூட்டேன்?” என்றாள் சரசு. “கேளு. நா செத்தா நீ வருவ. துணியக்கூட எடுத்து வைக்காம ஓடியாருவ, அது எனக்குத் தெரியும். வந்து? ஐஸ் பொட்டியாண்ட குந்தி பாடுவ. எனக்குக் கேக்கப் போவுதா? அப்பால எந்திரிச்சு, சொல்லிக்காம பூடுவ. எனக்கு அது வாணாம். நா உசிரோட கீறப்ப வா. ரெண்டு நாளு எங்கூட குந்து. போறப்ப வாய தொறந்து சொல்லிக்கினு போ. நா கத்தறேனா இல்லியானு அப்ப பாரு.”

6

ஜேனிஸ் எங்கள் மேற்பார்வையாளர். நல்ல பெண்மணி. லீவு கேட்டால் மட்டும் முகம் சுண்டிப் போகும். திங்கட்கிழமை வேலை தொடங்கியதும் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். ஊருக்குப் போக வேண்டும், உடனே லீவு வேண்டும் என்றேன்.

ஜேனிஸ் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பின்னால் மரிசெல் மடிப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் சலவைக்கூடத்தில் அப்படி லீவு கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணம்தான். மரிசெல் தன் அப்பாவுக்காகப் போனாள். எங்களோடு இருந்த பஞ்சாபிப் பெண் தன் தம்பிக்காகப் போனாள். கடல் தாண்டி வந்தவர்கள் எதற்காக அவசரமாக ஊருக்கு ஓடுவார்கள் என்று ஜேனிஸுக்குத் தெரியும். எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, “யார் இறந்தது?” என்று கேட்டார்.

“யாரும் இல்லை” என்றேன். “என் சிநேகிதி உயிரோடு இருக்கிறாள். அதற்காகத்தான் போகிறேன்.”